அம்மாயி வைத்த கோழிச்சாறு

கோழி வாங்கும்போதே சாற்றின் பாதி ருசி முடிவாகிவிடும். ஈரோட்டுப் பக்கம் தோட்டத்தில் வாழ்ந்த என் அம்மாயி, சாறு வைக்க வெடக்கோழியைத்தான் பிடிப்பார். முட்டையிடத் தொடங்கும் பருவத்துக்குச் சற்று முந்தைய கோழி அது. ஐந்தாறு மாதம் வெயிலிலும் புழுதியிலும் மேய்ந்தும், உரித்துச் சுத்தம் செய்தால் ஒரு கிலோ தேறினாலே பெரிது. பிராய்லர் கோழி ஆறே வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். அதன் கறி மெத்தென்று இருக்கும். சாறு மட்டும் வெறும் மசாலாத் தண்ணீராக நிற்கும்.

காரணம் எலும்பையும் மூட்டையும் சுற்றியிருக்கும் கொலாஜன். ஓடியாடி மேய்ந்த கோழியில் அது கெட்டியாக இருக்கும். சிறுதீயில் நெடுநேரம் வேகும்போது ஜெலட்டினாகக் கரைந்து தண்ணீரில் இறங்கும். நல்ல சாறு குடித்தபின் உதடு லேசாக ஒட்டுவது இதனால்தான். ஆகவே கடையில் எலும்பில்லாத கறியைக் கேட்காதீர்கள். கழுத்து, கால், இறக்கை எல்லாம் வேண்டும். தோலை உரிக்காமல், மஞ்சள் பூசித் தீயில் வாட்டித் தரச் சொல்லுங்கள். வாங்குமுன் நெஞ்செலும்பின் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் இளங்கோழி. அசையாமல் நின்றால் முற்றியது. சாறு பிரமாதமாக இறங்கும், கறி வேகத்தான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

ஒரு கிலோ கோழிக்கு அம்மாயியின் செலவு சாமான் இவ்வளவுதான்: மல்லி இரண்டு மேசைக்கரண்டி, மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, வரமிளகாய் நான்கு, சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு பத்துப் பல், விரல் நீள இஞ்சி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி. பட்டையும் சோம்பும் கறிக்குழம்புக்கு உரியவை. சாற்றில் அவர் சேர்த்ததில்லை. அதுவே சரி என்பது என் கட்சி. நல்ல கோழிக்கு ஒரு வாசம் உண்டு, பட்டை அதை அமுக்கிவிடும்.

சட்டியை மிதமாகக் காயவைத்து முதலில் மல்லி, மிளகாய், பிறகு மிளகு. சீரகம் கடைசியில், அது நொடியில் கருகிவிடும். பாதி வெங்காயத்தைத் தனியாக வதக்கி, பூண்டு இஞ்சியோடு சேர்த்து அரைப்பார். அரைத்து வழித்ததும் அம்மியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, உள்ளங்கையால் ஒரு தடவை தேய்த்து, அந்தக் கலங்கிய தண்ணீரையும் ஒரு சொட்டு சிந்தாமல் கிண்ணத்தில் பிடிப்பார். மிக்ஸியில் அரைக்கிறவர்கள் ஜார் கழுவிய தண்ணீரை அப்படியே சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வேலையில்தான் பொறுமை வேண்டும். நல்லெண்ணெய் இரண்டு கரண்டி விட்டு, மீதி வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கியதும் கறி, மஞ்சள், உப்பு. தண்ணீர் ஊற்றக் கூடாது. கறி தன் தண்ணீரைத் தானே விடும். அது முழுவதும் சுண்டி, சட்டியின் ஓரத்தில் கோழிக் கொழுப்பு மஞ்சளாகக் கசிந்து, சலசலப்பு மாறிப் பொரிகிற சத்தம் கேட்க வேண்டும். பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆகும். கவுச்சி போவது இங்கேதான். பலரும் அவசரப்பட்டு இதற்குள் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். பிறகு எத்தனை மசாலா போட்டாலும் அந்த வாடை மறையாது.

இப்போது இரண்டு லிட்டர் சுடுதண்ணீர். முதல் கொதியில் மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டு, அரைத்ததைக் கரைத்து ஊற்றித் தீயைக் குறைத்துவிடுங்கள். “அடுப்பு எரியக் கூடாது கண்ணு, கனலுதான் வேணும்” என்பார் அம்மாயி. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு தண்ணீரோடு கலந்து சாறு கலங்கும், கறியும் நார்நாராகும். ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லக் குமிழி விட வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கால் துண்டைக் கிள்ளிப் பாருங்கள். எலும்பை விட்டுக் கழன்றால் பதம். நேரமில்லாதவர்கள் குக்கரில் ஒரு விசில் வந்ததும் தீயைத் தணித்து அரை மணி வைத்து, திறந்தபின் பத்து நிமிடம் சும்மா கொதிக்க விடுங்கள்.

ஒரே சட்டியில் இரண்டு பண்டம் எடுப்பது அவர் வழக்கம். சளி பிடித்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் தெளிந்த சாற்றை முதலில் டம்ளரில் இறுத்துவிடுவார். அவர்களுக்கென்றே வைக்கும் நாளில் மிளகாய் கிடையாது, மிளகு மட்டும். மிச்சத்தில் தேங்காய் அரைத்து ஊற்றினால் ராகிக் களிக்கும் இட்லிக்கும் குழம்பு தயார்.

சளிக்குக் கோழிச்சாறு என்பதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவர் ஸ்டீபன் ரென்னார்டு, தம் மனைவியின் பாட்டி லித்துவேனியாவிலிருந்து கொண்டுவந்த செய்முறையில் சூப் வைத்துச் சோதித்தார். அழற்சியில் பங்குகொள்ளும் ஒருவகை வெள்ளணுக்களின் நகர்வை அது மட்டுப்படுத்துவதாக 2000-ல் ‘செஸ்ட்’ இதழில் எழுதினார். நோயாளிகளிடம் அல்லாமல் கண்ணாடிக் குடுவையில் நடந்த சோதனை அது. அதனால் சாற்றை மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். ஆவி மூக்கடைப்பை இளக்கும், வாய்க்கசப்பில் எதுவும் இறங்காதபோது இது இறங்கும், உடம்புக்கு நீரும் உப்பும் புரதமும் சேரும். காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

மிஞ்சினால் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் கட்டியாக உறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது ஜெலட்டின். நன்றாகக் கொதிக்கவைத்தால் இளகிவிடும்.

மேலே சொன்ன அளவுகள் அம்மாயி சொன்னவை இல்லை. அவருக்குத் தெரிந்தது கைப்பிடியும் சிட்டிகையும். அவர் அள்ளிய மல்லியையும் மிளகையும் பக்கத்தில் நின்று அளந்து குறித்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், அடுத்த தடவை அவர் சாறு வைக்கும்போது ஒரு தேக்கரண்டியும் தாளும் பேனாவுமாகப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.