சமூக ஊடகக் காலத்தில் மக்கள் தொடர்பும் படைப்பாற்றலும்

கருத்தை எடுத்துரைத்துக் கேட்போர் உள்ளத்தைத் தம்பால் ஈர்க்கும் கலை தமிழருக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதை ‘விழாவறை காதை’ எனப் பெயர் பெறும். புகார் நகரில் இந்திர விழா நடைபெறவிருக்கும் செய்தியை, யானையின் பிடரியில் முரசை ஏற்றி ஊரறிய அறிவிக்கும் காட்சியை அது கூறுகின்றது. வீதிகளை அணி செய்யுமாறும், விழா நிகழும் 28 நாள்களிலும் பகையும் பூசலும் இன்றி இருக்குமாறும் மக்கள் வேண்டப்படுகின்றனர். அங்கே செய்தியும் உண்டு. அதனை இனிமையாக உரைக்கும் சொல்நயமும் உண்டு. யானைமீது வந்த அம்முரசு யாருடையது என்று எவரும் ஐயுற வேண்டியிருக்கவில்லை.

இன்று நம் கையில் உள்ள கைத்தொலைபேசியும் ஒரு முரசே. பத்து வயதுப் பிள்ளையும் அதனை அறையலாம். பன்னாட்டு நிறுவனமும் அறையலாம். ஆனால் அறைபவர் யார், அறையச் சொன்னவர் யார் என்பது பல வேளைகளில் நமக்குத் தெரிவதில்லை. இவ்வேறுபாட்டை நம் மாணவர் உணர்ந்துகொள்வது இன்றியமையாதது.

மக்கள் தொடர்பு என்னும் தொழில்

ஒரு நிறுவனமோ அரசோ சங்கமோ பொதுமக்களுடன் நல்லுறவை வளர்த்துக்கொள்ள மேற்கொள்ளும் முயற்சியை மக்கள் தொடர்பு என்கிறோம். விலை கொடுத்து இடம் பெறும் விளம்பரத்தினின்றும் இது வேறுபட்டது. இது ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலாகும். அமெரிக்காவில் செய்தியாளராக இருந்து இத்தொழிலுக்கு வந்த ஐவி லீ என்பவர், 1906ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க உரிமையாளர்கள் சார்பில் பணியாற்றியபோது, பத்திரிகைகளுக்குத் தம் கொள்கை அறிக்கை ஒன்றை அனுப்பினார். தம் பணி ஒளிவுமறைவின்றி நடைபெறும் என்றும், தரும் செய்தி சரியானதாக இருக்கும் என்றும் அதில் உறுதி கூறினார். யாருக்காகப் பேசுகிறோம் என்பதை மறைக்கலாகாது என்னும் நெறி இத்தொழிலின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது என்பது நாம் கருத்திற் கொள்ளத்தக்கது.

மறைந்து நின்ற கை

எனினும் நெறி எழுதப்பட்டதனால் மட்டும் நிலைத்துவிடவில்லை. பெண்கள் பொது இடத்தில் புகைபிடிப்பதை அமெரிக்கச் சமூகம் இழிவாகக் கருதிய காலம் அது. 1929ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று நியூயோர்க் நகர ஊர்வலத்தில் இளம் பெண்கள் சிலர் சிகரெட்டைப் பற்றவைத்து நடந்தனர். அதனைச் ‘சுதந்திரச் சுடர்’ என்று அழைத்தனர். பெண்ணுரிமைக் குரலாகவே அது செய்தித்தாள்களில் பரவிற்று. உண்மையில் அதனைத் திட்டமிட்டவர் எட்வர்ட் பெர்னேய்ஸ் என்னும் மக்கள் தொடர்பு வல்லுநர். அவரை அமர்த்தியிருந்தது ஒரு புகையிலை நிறுவனம்.

அந்நிகழ்ச்சியில் கற்பனை வளம் இல்லை என்று கூற இயலுமா? ஒரு சிறு தீக்குச்சியை விடுதலையின் சின்னமாக்கியது கவிஞர்க்குரிய ஆற்றலே. ஆயினும் முரசின் உரிமையாளர் மறைந்து நின்றமையால், விடுதலை என்னும் உயர்ந்த சொல் உடலைக் கெடுக்கும் ஒரு பொருளை விற்கும் கருவியாயிற்று.

ஊடகம் மாறியபோது

அந்நாளில் செய்தித்தாளின் வாயிலைக் கடந்தே மக்களை அடைய முடிந்தது. சமூக ஊடகம் அவ்வாயிலைத் திறந்துவிட்டது. கனடிய இசைக்கலைஞர் டேவ் கரோல் 2008ஆம் ஆண்டு யுனைட்டட் விமான நிறுவனத்தின் விமானத்தில் பயணம் செய்தபோது அவருடைய கிற்றார் உடைந்தது. பல மாதங்கள் முயன்றும் இழப்பீடு கிடைக்கவில்லை. அவர் தம் முறையீட்டை நகைச்சுவைப் பாடலாக்கி 2009 யூலையில் யூடியூப்பில் வெளியிட்டார். சில வாரங்களுக்குள் பல இலட்சம் பேர் அதனைக் கண்டனர். நிறுவனமும் அவருடன் பேச முன்வந்தது. தனி ஒருவரின் படைப்பாற்றல் பெரிய நிறுவனத்தின் மக்கள் தொடர்புத் துறைக்கு ஈடாக நின்றது. அப்பாடலில் பாடுபவர் யார், அவருடைய குறை என்ன, அவர் வேண்டுவது என்ன என்பவை யாவும் வெளிப்படையாக இருந்தன என்பதையும் நோக்குக.

அதே வாயில் வழியாகப் பொய்யும் நுழைந்தது. பஹாமாஸ் தீவு ஒன்றில் 2017இல் நடைபெறவிருந்த ‘ஃபயர்’ என்னும் இசை விழாவுக்காக, 2016 டிசெம்பரில் புகழ் பெற்ற பலர் இன்ஸ்டகிராமில் ஒரே செம்மஞ்சள் நிறச் சதுரத்தை வெளியிட்டனர். இவை பணம் பெற்று இட்ட பதிவுகள் என்பதை அவர்களுட் பெரும்பாலோர் குறிப்பிடவில்லை. பெரும்பணம் கொடுத்துச் சென்ற இளைஞர்களை அங்கே வரவேற்றவை நனைந்த கூடாரங்களே. பாணும் சீஸ் துண்டுமாக வழங்கப்பட்ட உணவைப் படம்பிடித்து ஒருவர் இட்ட பதிவு உலகெங்கும் பரவி உண்மையை உரைத்தது. விழா அமைப்பாளருக்கு 2018இல் மோசடிக் குற்றத்திற்காக 6 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பணம் பெற்று இடும் பதிவை விளம்பரம் என வெளிப்படக் குறிக்க வேண்டும் என்னும் நெறிமுறைகள் இன்று அமெரிக்கா, பிரித்தானியா, இந்தியா முதலிய நாடுகளில் உள்ளன.

நம் பிள்ளைகளும் படைப்பும்

பெற்றோரே, நம் பிள்ளைகள் இன்று பார்ப்போர் மட்டுமல்லர், படைப்போருமாவர். கவிதை எழுதுகின்றனர், நடனத்தைப் பதிவு செய்கின்றனர், குறும்படம் எடுக்கின்றனர். இது போற்றத்தக்கதே. ஆனால் விருப்பக்குறிகளின் எண்ணிக்கை ஏறுவதற்காக மட்டுமே எழுதத் தொடங்கும் பிள்ளை, நாளடைவில் தன் உள்ளம் கூற விரும்பியதை மறந்து, எண்ணிக்கை விரும்புவதையே கூறத் தலைப்படும். அப்போது அதன் கையில் உள்ள முரசும் அதனுடையதாக இராது. ஆகவே பிள்ளை ஒரு படைப்பைக் காட்டும்போது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று முதலிற் கேளாது, இதில் நீ சொல்ல விரும்பியது என்ன என்று கேட்போமாக. அவ்வினாவுக்குத் தமிழிலேயே விடையளிக்கப் பிள்ளை முயலுமாயின் அதனினும் சிறந்த மொழிப்பயிற்சி வேறில்லை.

மாணவர்களே, ஒரு பதிவை வெளியிடுமுன் பின்வருவனவற்றை மனத்திற் கொள்ளுங்கள்.

1. பிறருடைய இசையையோ படத்தையோ பயன்படுத்தும்போது உரிய அனுமதி பெற்று, அவர் பெயரையும் குறிப்பிடுக.
2. நண்பர்களின் படத்தை அவர்கள் இசைவின்றி வெளியிடாதீர்.
3. செயற்கை நுண்ணறிவு வரைந்த படமாயின் அவ்வாறே கூறுக.
4. சங்கத்துக்காகவோ கடைக்காகவோ எழுதினால் அதனை மறையாது சொல்லுக.

முடிவுரை

திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் உண்டு. இரண்டையும் ஒருங்கே கற்பவரே இவ்வூடகக் காலத்தில் நம்பிக்கைக்குரியவராவர். நம் பள்ளி விழாவுக்கான அறிவித்தலை அடுத்த ஆண்டு மாணவர்களே எழுதித் தயாரிக்கட்டும். அழகாக எழுதட்டும்; அதன் கீழே தம் பெயரையும் எழுதட்டும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. 1929இல் நடந்த ஊர்வலத்துக்கும் 2009இல் வெளிவந்த பாடலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. இவ்வாரம் நீங்கள் பார்த்த ஒரு பதிவைத் தெரிவு செய்து, அதனை வெளியிட்டவர் யார், அதனால் பயன் பெறுபவர் யார், அதிற் கூறப்படாதது யாது என வீட்டில் உரையாடுக.