சென்னை–மதுரை: வாசல் முதல் வாசல் வரை ஒரு கணக்கு

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், காரில் எட்டு மணி நேரம் என்பார்கள். இரண்டும் சரிதான், ஆனால் அவற்றை அப்படியே ஒப்பிடக் கூடாது. முதலாவது, விமானம் கிளம்பி இறங்கும் வரையிலான நேரம் மட்டும். இரண்டாவது, கிட்டத்தட்ட முழுப் பயணம். எதில் போவது என்று முடிவெடுக்கும் முன் இரண்டையும் வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல் வரை கணக்கிட வேண்டும்.

முதலில் தூரம். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 420 கிலோமீட்டர்; கோயம்பேட்டிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், திருச்சி வழியாகச் சாலையில் சுமார் 460. நெடுஞ்சாலை பெரிய சுற்று இல்லாமல் போவதால் வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே இந்தத் தடத்தில் விமானத்துக்குத் தூரத்தால் லாபமில்லை, வேகத்தால் மட்டுமே. இடையில் கடலோ மலையோ குறுக்கிடும் ஊர்களென்றால் இந்த விகிதம் மாறிவிடும்.

அடுத்து சாலை நேரம். வேகமானியில் 100 காட்டினாலும் சுங்கச்சாவடி, ஊர் எல்லை நெரிசல் எல்லாம் சேர்ந்தால் சராசரி 65 என்று கொள்வதே பாதுகாப்பு. வீடு தாம்பரத்தில் என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து 440 கிலோமீட்டருக்கு ஆறேமுக்கால் மணி நேரம், சாப்பாடு, டீ, டீசலுக்கு ஒரு மணி நேரம், ஆக ஏழேமுக்கால். பொங்கல், தீபாவளிக் கூட்டத்தில் செங்கல்பட்டைத் தாண்டவே கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நாள்களில் இரண்டு மணி நேரமாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு விமானக் கணக்கு. தாம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் அரை மணி, அங்கே முன்கூட்டிப் போய் நிற்க ஒன்றரை மணி, பறக்க ஒன்றேகால், பெட்டி எடுத்து வண்டி பிடிக்க அரை மணி, மதுரை நகருக்குள் வர அரை மணி. மொத்தம் நாலேகால். பார்வைக்கு ஏழு மணி நேரம் போலத் தெரிந்த மிச்சம் மூன்றரையாகச் சுருங்குகிறது.

கடைசியாக, போய்ச்சேரும் இடம். மதுரை விமான நிலையம் நகருக்குத் தெற்கே இருக்கிறது. மேலூரோ வடக்கே, திருச்சி சாலையிலேயே இருக்கிறது. மேலூர் போகிறவர் காரில் மதுரைக்கு முன்பே இறங்கிவிடுவார், ஏழேகால் மணி நேரத்தில். விமானத்தில் வந்தவர் நகரைக் கடந்து வடக்கே திரும்ப வேண்டும், அவருக்கு நாலேமுக்கால். மிச்சம் இரண்டரைதான். அருப்புக்கோட்டைக்குப் போகிறவருக்கு இது தலைகீழ்: விமானத்தின் லாபம் கூடும்.

கைப்பேசி வரைபடமே நேரம் சொல்லுமே என்று கேட்கலாம். அது சொல்வது வண்டி ஓடும் நேரம். நீங்கள் நிறுத்தும் நேரம் அதில் வராது. இரவுப் பேருந்தில் தூங்கிக்கொண்டே போனால் எட்டு மணி நேரமும் வீணில்லையே என்பது வலுவான மறுப்பு. பேருந்தில் உறக்கம் வருகிறவருக்கு அது முழுக்க உண்மை. அவர் விழித்திருக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். அவருக்கு விமானம் மிச்சப்படுத்துவது ஏதுமில்லை.

ஆகவே கட்டண வித்தியாசத்தை உண்மையில் மிச்சமாகும் மணிகளால் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு அந்தத் தொகை உங்களுக்குத் தகுமென்றால் விமானம், இல்லையென்றால் சாலை. நால்வராகக் காரில் போனால் கட்டணம் நான்காகப் பிரியும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.