உடலை நோக்குக: கறிவேப்பிலைத் தோட்டத்து வண்ணத்துப்பூச்சிகள்

கைத்தறிச் சேலையும் விசைத்தறிச் சேலையும் அருகருகே கிடந்தால் வாங்குவோர் கண் ஏமாறலாம். நெகமத்து நெசவாளர் கண் ஏமாறாது. எங்கே நோக்க வேண்டும் என்பதை அவர் அறிவார். காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரங்களில் கறிவேப்பிலை பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கும் அத்தகைய பார்வை வேண்டும். செம்புள்ளி கொண்ட கரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று தோட்டத்தில் பறந்தவுடன் தெளிப்பானைத் தேடுவோர் நம்மில் உண்டு. அது பயிருக்குப் பகைதானா என்று அறிவதே இம்மாதப் பாடமாகும்.

நாம் காணவிருப்பவை மூன்று இனங்கள்: கறிவேப்பிலை அழகி, ரோஜா அழகி, சிவப்புடல் அழகி. மூன்றும் கரிய நிறத்தன. மூன்றுக்கும் பின்னிறகில் வால் போன்ற நீட்சி உண்டு.

கறிவேப்பிலை அழகியின் ஆணை அறிவது எளிது. அதன் பின்னிறகின் குறுக்கே வெண்புள்ளிகள் ஒரே வரிசையாக அமைந்திருக்கும். பெண்ணோ மூன்று கோலங்களில் வருகிறது. ஒன்று ஆணைப் போன்றது. மற்றொன்று பின்னிறகின் நடுவே வெள்ளைத் திட்டும், ஓரத்தில் சிவந்த பிறைகளும் கொண்டு ரோஜா அழகியை ஒத்திருக்கும். மூன்றாவது, முன்னிறகில் வெண்பட்டைகளும் பின்னிறகில் செம்புள்ளிகளும் கொண்டு சிவப்புடல் அழகியை ஒத்திருக்கும்.

இந்த வேடத்திற்குக் காரணம் உண்டு. ரோஜா அழகி, சிவப்புடல் அழகி ஆகியவற்றின் புழுக்கள் ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி போன்ற செடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. ஆதலால் பறவைகள் அவற்றை விலக்குகின்றன. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி அவற்றின் ஆடையை இரவல் பெற்றுத் தப்புகிறது. இப்பெண் பூச்சிகளின் பல கோலங்களை ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1865-இல் விளக்கி எழுதினார். ஒரே ஒரு மரபணுவே இக்கோலங்களை நிர்ணயிக்கிறது என்பது 2014-இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது.

இனி, பிரித்தறியும் முறையைக் காண்போம்.

முதலாவது, உடல். பூச்சி பூவில் அமரும்போது இறகை விடுத்து உடலை நோக்குக. ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் தலையிலும் உடலின் பக்கங்களிலும் சிவப்பு நிறம் தெளிவாகத் தெரியும். கறிவேப்பிலை அழகியின் உடல் கருமையே. அதில் சிவப்பு இராது. இதுவே நம்பத்தக்க அடையாளம்.

இரண்டாவது, பறக்கும் விதம். நஞ்சுடையவை அச்சமின்றி மெதுவாகப் பறக்கும். கறிவேப்பிலை அழகியோ, கலைத்தால் விரைந்தோடும். எனினும் வேடமிட்ட பெண்ணும் சில வேளை மெதுவாகவே பறப்பதால் இதை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

மூன்றாவது, முட்டையிடும் இலை. கறிவேப்பிலை அழகி கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றின் கொழுந்தில் ஒவ்வொன்றாக முட்டையிடும். மற்ற இரண்டும் இவற்றை நாடுவதில்லை.

நான்காவது, புழு. கறிவேப்பிலை அழகியின் இளம்புழு பறவையின் எச்சம் போலிருக்கும், வளர்ந்தபின் பச்சையாகும். தொட்டால் தலையருகே சிவந்த கவைக்கொம்பை நீட்டி நாற்றம் வீசும். மற்ற இரண்டின் புழுக்களும் கருஞ்சிவப்பாய், உடலெங்கும் சதைமுட்களுடன், நடுவே வெண்பட்டை கொண்டவை.

ஆகவே, சிவந்த உடலுடைய பூச்சியைக் கண்டு மருந்தடிப்பது வீண் செலவாகும். உடல் கறுத்திருந்தாலும் உடனே அடிக்க வேண்டுவதில்லை. கொழுந்துகளைப் புரட்டிப் பாருங்கள். வளர்ந்த செடியில் ஒன்றிரண்டு புழுக்களால் பெருநஷ்டம் நேராது. கையால் பொறுக்கி அழித்தால் போதும். நாற்றங்கால் கன்றுகளை மட்டும் நாள்தோறும் கவனித்தல் அவசியம். அவை விரைவில் மொட்டையாகிவிடும். நாம் பறிக்கும் இலை நேரே சமையலுக்குச் செல்வது. அதில் தங்கும் மருந்தின் எச்சத்தால் சரக்கு திரும்பினால் நஷ்டம் நம்முடையதே.

நாளைக் காலை தோட்டத்தில் பத்துப் பூச்சிகளை நோக்கி, உடலின் நிறத்தை ஏட்டில் குறித்து வையுங்கள். தெளிப்பானை எடுப்பதை அதன்பின் முடிவு செய்வோம்.