கையில் இருப்பது என்ன?

ஊரிலிருந்து மாற்றலாகித் தில்லிக்கு வரும் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இது. பள்ளி திறந்த முதல் வாரமே பிள்ளை இந்திப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அழும். "எல்லாரும் ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து படிச்சிருக்காங்கம்மா, எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்னும். பெற்றோருக்கும் கலக்கம்தான்.

இப்படி மலைத்து நிற்கும் வேளையில் உதவும் ஒரு சிறு மனப்பழக்கத்தைப் பார்ப்போம். நாம் தினமும் ஏறிச் செல்லும் தில்லி மெட்ரோவை உருவாக்கிய பொறியாளர் இ. ஸ்ரீதரனின் இளமைக்கால அனுபவம் அதற்கு நல்ல உதாரணம். நடந்த இடம் நம் பாம்பன்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஒரு ரயில் பயணிகளோடு கடலில் போயிற்று. 1914-இல் திறக்கப்பட்ட, சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட இரும்பு கர்டர்களைக் கடல் அடித்துச் சென்றது. பாலத்தைச் சீராக்க ரயில்வே 6 மாதக் கெடு வைத்தது. மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற ஸ்ரீதரனுக்கு வயது 32.

'இத்தனை கர்டர்களுக்கு எங்கே போவது?' இதுதான் முதலில் எழுந்த கேள்வி. புதிதாகச் செய்ய மாதக்கணக்காகும். அப்போது மீனவர்கள் மூலம் ஒரு செய்தி வந்தது: பழைய கர்டர்கள் கடலடியில் கிடக்கின்றன! உடனே கேள்வி மாறியது. 'இருப்பதை எப்படி மேலே எடுப்பது?' என்றாயிற்று. கர்டர்களைத் தூக்கி மீண்டும் தூண்களில் ஏற்றினார்கள். 46 நாட்களில் வேலை முடிந்தது. கணக்குப் பார்த்தால், சராசரியாக நாளொன்றுக்கு இரண்டுக்கும் மேல்.

கேள்வி மாறியதால் மட்டும் இரும்பு மிதந்து வந்துவிடவில்லை. பலருடைய கடும் உழைப்பு தேவைப்பட்டது. ஆனால் எங்கே கை வைப்பது என்பதைக் காட்டியது அந்தக் கேள்விதான்.

இனி, அழும் பிள்ளையிடம் வருவோம். 'என்ன தெரியாது?' என்று கேட்காதீர்கள்; 'என்ன தெரியும்?' என்று கேளுங்கள். புத்தகம், நகரம், தினம், சூரியன் ஆகிய சொற்கள் சிறு மாற்றத்துடன் இந்தியிலும் உண்டே! கடைத்தெருவிலும் மெட்ரோவிலும் காதில் விழுந்தவை வேறு.

பயிற்சி: ஒரு நோட்டை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவை. வலப்பக்கம், இன்று கற்கப்போகும் இரண்டே சொற்கள். நாளைக்கு அவ்விரண்டும் இடப்பக்கம் வந்துவிடும். அந்தப் பக்கம் வளர்வதைப் பிள்ளையே பார்க்கட்டும்.

வீட்டுக் கடன், புது வேலை, நீண்ட சிகிச்சை என்று பெரியவர்களைக் கலங்கவைப்பவற்றுக்கும் இதே நோட்டுதான். முதலில் இடப்பக்கத்தை எழுதுங்கள்.