பழைய சேலையிலிருந்து பாவாடை: வெட்டுமுன் அறிய வேண்டியவை

உடுத்தித் தேய்ந்த பருத்திச் சேலையை எறிய எவருக்கும் எளிதில் மனம் வருவதில்லை. ஊரில் அது குழந்தைக்கு ஏணையாகும். பின்னர் தலையணை உறையாகும். ஈற்றில் அடுப்படியில் பிடிதுணியாகும். இங்கோ அலுமாரி நிறைந்ததும் நேரே குப்பைக்குப் போய்விடுகிறது. அவுஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் 200,000 தொன்னுக்கும் மேற்பட்ட உடுதுணி நிலத்தில் புதைக்கப்படுகிறது. மஞ்சள் மூடியுள்ள மீள்சுழற்சித் தொட்டியில் துணியை இடலாகாது. தொண்டு நிறுவனங்களின் பெட்டிகளும் அணியத்தக்க தூய ஆடைகளுக்கே உரியவை.

பழையதை மாற்றித் தைப்பது இந்நாட்டுக்கும் புதிதன்று. 1942 ஜூன் முதல் 1948 ஜூன் வரை இங்கு ஆடைப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. கூப்பன் இன்றிப் புது ஆடை வாங்க இயலாத அவ்வாண்டுகளில், பெரியவர்களின் உடைகளைப் பிரித்துச் சிறுவர்களுக்குத் தைத்தனர். அதே வேலையை நாமும் ஓய்வான ஒரு பிற்பகலில் செய்து முடிக்கலாம்.

துணியைச் சோதித்தல்

முதலில் சேலையைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். பின் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பாதத்தில் உரசும் கீழ்க்கரை, இடுப்பில் செருகும் பகுதி, ஊசி குத்திய தோட்பகுதி ஆகியவை முதலில் நைந்துபோகும். நெடுக்காகவும் குறுக்காகவும் மெல்ல இழுக்கும்போது இழைகள் விலகினால் அவ்விடம் தையலைத் தாங்காது. பழைய பட்டு, நெடுநாள் மடித்து வைத்த கோடுகளிலேயே பிளந்துவிடும். ஆதலால் தொடக்கத்தில் பருத்தியையே தெரிவுசெய்யுங்கள்.

அளவெடுத்தல்

இடுப்பு 54 செ.மீ., இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 60 செ.மீ. உள்ள ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். பாவாடையின் சுற்றளவு இடுப்பைப் போல் இரு மடங்கு, அதாவது 108 செ.மீ.; பக்கத் தையலுக்கு 3 செ.மீ. சேர்த்து, சேலையின் நீளவாக்கில் 111 செ.மீ. வெட்டுக. உயரத்துக்கு 60 செ.மீ.யுடன் இடுப்புப் பட்டிக்கு 4 செ.மீ., இரண்டு உள்மடிப்புகளுக்கு 12 செ.மீ. கூட்டினால் 76 செ.மீ. ஆகும். நல்ல நிலையிலுள்ள கரையிலிருந்து இதனை அளந்தால், கரையே பாவாடையின் கீழ்விளிம்பாக அமைந்துவிடும். அதனை மடித்துத் தைக்க வேண்டியதில்லை.

தைத்தல்

1. இரு ஓரங்களையும் சேர்த்துப் பக்கத் தையல் போட்டு, வெட்டிய விளிம்பு பிரியாமல் வளைதையல் இடுக.

2. கரைக்கு மேலே, 3 செ.மீ. ஆழமான இரண்டு மடிப்புகளை உட்புறமாகப் பிடித்து, பின்னர் எளிதில் பிரிக்கும்படி நீண்ட தையலாகத் தைக்க. குழந்தை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தால், ஒவ்வொன்றும் 6 செ.மீ. நீளம் தரும்.

3. மேல்விளிம்பை 1 செ.மீ.யும் மீண்டும் 3 செ.மீ.யும் மடித்துத் தைத்து, சிறிது இடைவெளி விடுக. 2 செ.மீ. அகலமும் 52 செ.மீ. நீளமும் உள்ள இலாஸ்ரிக் நாடாவை அதனூடாகச் செலுத்தி, முனைகளை 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தபின் இடைவெளியை மூடுக.

இரவுடைக்கு வேண்டாம்

மெல்லிய, தளர்ந்த பருத்தித் துணி விரைவாகத் தீப்பற்றும். இக்காரணத்தால் 00 முதல் 14 வரையான அளவுகளிலுள்ள சிறுவர் இரவுடைகளுக்கு இந்நாட்டில் கட்டாயப் பாதுகாப்புத் தரம் உண்டு. விற்பனைக்கு வரும் இரவுடையில் தீ அபாயம் குறைவா, அதிகமா என்பதைக் கூறும் சீட்டு இருத்தல் வேண்டும். இரவுடை தைப்பதற்கான காகித வார்ப்புருக்களையும் இத்தரம் கட்டுப்படுத்துகிறது. வீட்டில் சொந்தப் பிள்ளைக்குத் தைப்பதைச் சட்டம் வந்து சோதிப்பதில்லை. அங்கே சீட்டும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அந்தப் பொறுப்பு தைப்பவருடையது. ஆகவே சேலைத் துணியில் தைத்த தளர்ந்த ஆடையைப் பகலுக்கு மட்டும் உடுத்துங்கள். பகலிலும் ஹீற்றர், அடுப்பு, குத்துவிளக்கு ஆகியவற்றிலிருந்து பிள்ளையை விலக்கி வையுங்கள். ஹீற்றரிலிருந்து குறைந்தது 1 மீற்றர் இடைவெளி தேவை. தைத்தவற்றை விற்க எண்ணுவோர் அத்தரத்தின் கடமைகளை முன்னரே விசாரித்து அறிக.

ஆடையில் தீப்பற்றினால் பிள்ளையை ஓடவிடாது நிறுத்தி, நிலத்தில் படுக்கவைத்து, உருளச் செய்க. சுட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்நீரை ஓடவிடுக. அவசர உதவிக்கு 000 என்ற எண்ணை அழைக்க.

ஆடைப் பாதுகாப்பு விதிகளை அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்திடம் கேட்டறியலாம். தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கூறுங்கள்.