திருச்செந்தூர் ரோட்டில் புது உலகம்

கேள்வி: குற்றாலம், கன்னியாகுமரி பார்த்தாயிற்று. லீவுக்குப் பிள்ளைகளைப் புதிதாக எங்கே கூட்டிப்போகலாம்?
– வாசகி, தச்சநல்லூர்

பதில்: தூரமே போக வேண்டாம், திருச்செந்தூர் ரோட்டைப் பிடியுங்கள்.

மதியம் நடை சாத்துமுன் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலத் தூணொன்றில் குறவன் ராஜகுமாரியைத் தோளில் தூக்கிச் செல்கிறான். மற்ற சிற்பங்களில் நகமும் நரம்பும்கூடத் தெரியும். கிட்டப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆதிச்சநல்லூர். ஜெர்மானியர் ஜாகோர் 1876-இல் தோண்டிப் பார்த்த பறம்பு. 2023-இல் திறந்த கள அருங்காட்சியகத்தில் முதுமக்கள் தாழிகள் கிடைத்த குழியிலேயே இருக்கின்றன. மேலே கண்ணாடித் தளம். அதில் நின்று காலுக்குக் கீழே பார்க்கும்போது பிள்ளைகள் கேள்வியாய்க் கேட்பார்கள்!

கடைசியாகக் குதிரைமொழித் தேரி. செக்கச்செவேலென்ற மணல்மேடுகள், இடையிடையே பனைகள். வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு மேல் போங்கள். தண்ணீர் கையோடு இருக்கட்டும்.