மூளைக்குள் புகும் நீர்

கேள்வி: பாரிசவாதம் வந்த வாப்பாவுக்கு மூன்றாம் நாள் மூளை வீங்கிவிட்டது என்றார்கள். மூளையைச் சுற்றியுள்ள நீர்தான் காரணமா? முள்ளந்தண்டில் ஊசி போட்டு அதை எடுத்திருக்கலாமா?
– வாசகி, இறக்கக்கண்டி

பதில்: அந்த நீருக்கும் பங்கிருக்கலாம், சகோதரி. மூளையையும் முண்ணாணையும் சுற்றி ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் பாய்பொருள் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுரப்பதோ அரை லீற்றர். வீக்கத்துக்கான நீர் இரத்தத்திலிருந்தே கசிகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2020இல் மைக்கன் நெடர்கார்டின் ஆய்வுக்குழு எலிகளில் வேறொன்றைக் கண்டது. நாடி அடைபட்ட சில நிமிடங்களிலேயே முதலில் புகுவது இந்தப் பாய்பொருள்தான். இரத்தம் கிடைக்காத நரம்புக் கலங்களின் மின்சமநிலை குலைகிறது. அந்தக் குலைவு அலையாகப் பரவுகிறது. அது போகும் வழியில் இரத்தக் குழாய்கள் இறுகிச் சுருங்க, அவற்றைச் சுற்றியுள்ள இடைவெளி அகலமாகிறது. மடை திறந்தாற்போல் நீரும் சோடியமும் உள்ளே இறங்குகின்றன. இரத்தத்திலிருந்து கசிவது பிறகு சேர்கிறது.

ஊசியால் எடுக்காதது நல்லதுதான். மூளை பெரிதாக வீங்கியிருக்கையில் கீழே நீரை எடுத்தால், மூளை கீழ்நோக்கிச் சரிந்து மூச்சை நடத்தும் பகுதியை நெரிக்கலாம். உயிரே போகும். மூளைக்குள் நீர் பாய்வதைத் தடுக்கும் மருந்தும் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

வீட்டில் இனி யாருக்கும் வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இராதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். தொடங்கிய நேரத்தையும் குறித்து வையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், வைத்தியர் முதலில் கேட்பதும் அந்த நேரத்தைத்தான்.